கூரை இல்லாதவங்களுக்கும் சோலார்: பில் கணக்கு எப்படி நடக்குது?

வாடகை அபார்ட்மென்ட்டில் இருந்தா, கூரையில் பேனல் மாட்ட முடியாது. அதுக்கான வழிதான் கம்யூனிட்டி சோலார். பேனல் வேற எங்கேயோ இருக்கும், அதில் நமக்கு ஒரு பங்கு. அந்த கரன்ட் நேரா நம்ம வீட்டுக்கு வராது. அப்புறம் பில் எப்படிக் குறையுது? நியூயார்க் மாநில விதியை வைத்துப் பார்ப்போம். அங்கே இது 2015-ல் அனுமதிக்கப்பட்டது.

முதல் படி, ஒரு டேபிள். வீட்டுக்கு ஒரு வரி: மின் கணக்கு எண், பங்கு எத்தனை சதவீதம். சோலார் திட்டம் இதை மின் நிறுவனத்துக்கு அனுப்பும். பொதுவா குறைந்தது 10 உறுப்பினர்கள் வேணும். பெரிய வணிகக் கணக்குகள் மொத்தமா 40 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது.

அடுத்தது, கிரெடிட். மாதாமாதம் உற்பத்தியான மின்சாரத்துக்கு ஒரு டாலர் மதிப்பு போட்டு, டேபிள் படி பிரிப்பாங்க. மிச்சமானது அடுத்த மாதத்துக்குப் போகும்.

இப்போ கணக்கு. உங்க பில் 120 டாலர், சோலார் கிரெடிட் 60, ஒப்பந்தப்படி சேமிப்பு 10 சதவீதம்னு வச்சுக்கோங்க.

பழைய முறையில் ரெண்டு பில் வரும். மின் நிறுவனத்துக்கு 60, சோலார் திட்டத்துக்கு 54. மொத்தம் 114. கிரெடிட் தாமதமானா, முழு 120-உம் கட்டணும், 54-உம் கட்டணும். கையில் காசு குறைவா இருக்கிற வீட்டுக்கு அந்த மாதம் திண்டாட்டம்தான். யாராவது கட்டாம விட்டா திட்டத்துக்கு நஷ்டம். அதனால கிரெடிட் ஸ்கோர் பார்த்துத்தான் ஆள் சேர்ப்பாங்க.

2019 டிசம்பரில் 'நெட் கிரெடிட்டிங்' முறைக்கு ஒப்புதல் கிடைச்சது. இதில் ஒரே பில். 60-ல் உங்க சேமிப்பான 6 மட்டும் கழிஞ்சு, 114 வரும். மின் நிறுவனம் தன் கட்டணமா 60-ல் 1 சதவீதம், அதாவது 60 சென்ட் எடுத்துக்கிட்டு, மீதி 53.40-ஐ நேரா திட்டத்துக்கு அனுப்பும். உறுப்பினரின் சேமிப்பு 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

உங்களுக்கு ரெண்டிலும் அதே 114தான். ஆனா வசூல் சுமை திட்டத்தின் தலையில் இல்லை. மக்களே சேர்ந்து நடத்தும் சின்னக் கூட்டுறவுக்கு, பேனல் கடனைக் கட்ட மாதாமாதம் பணம் வரும். ஸ்கோர் குறைந்த குடும்பத்தையும் பயமில்லாம சேர்த்துக்கலாம்.

அப்பா அம்மாகிட்ட யாராவது இதில் கையெழுத்துக் கேட்டா, நீங்க மூணு கேள்வி கேளுங்க: ஒரு பில்லா, ரெண்டா? சேமிப்பு எத்தனை சதவீதம்? வீடு மாறினா, விலகினா கட்டணம் உண்டா? பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்து போடலாம்.