அக்டோபர் 16

கொல்கத்தாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அக்டோபர் என்றால் பூசைப் பந்தலும் விடுமுறையும் நினைவுக்கு வரும். அம்மாதத்தின் பதினாறாம் நாள், அவர்தம் முன்னோர் வாழ்ந்த மண்ணையும் அவர்கள் இன்று வாழும் நகரையும் வரலாற்றில் இணைத்து நிற்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராக விளங்கியவர் வீரபாண்டிய கட்டபொம்மன். கிழக்கிந்தியக் கம்பெனி கேட்ட கப்பத்தால் மூண்ட பகை, 1799இல் போராக முற்றியது. கோட்டையை விட்டு நீங்கிய அவர் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டார். மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களைக் கயத்தாற்றில் திரட்டி, அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்தினார். அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். பார்த்தவர் அஞ்சி அடங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் தம்பி ஊமைத்துரை 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார்.

நூற்றாறு ஆண்டுகள் கழிந்தன. 1905ஆம் ஆண்டு அதே நாளில், கர்சன் பிரபுவின் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. நிருவாக வசதிக்காக என்றது அரசு. இந்துக்களையும் முஸ்லிம்களையும் பிரிக்கும் சூழ்ச்சி என்றனர் எதிர்த்தோர். கொல்கத்தா அன்று துக்கம் காத்தது. கடைகள் அடைக்கப்பட்டன. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. இதனை வங்காளிகள் 'அரந்தன்' என்பர். ஆவணி அவிட்டத்தையொட்டி உடன்பிறந்தாருக்குக் கட்டும் ராக்கிக் கயிற்றை, ஐப்பசி நெருங்கும் அந்நாளில் ஊரார் ஒருவருக்கொருவர் கட்டினர்.

இரவீந்திரநாத் தாகூர் வண்டியேறாமல் நடந்தே கங்கைக்குச் சென்று நீராடினார். எதிர்ப்பட்டோர்க்கெல்லாம் ராக்கி கட்டினார். திரும்பும் வழியில் குதிரை லாயத்து முஸ்லிம் பணியாளர்களுக்கும் கட்டித் தழுவிக்கொண்டார். பின்னர், சித்பூர்ப் பள்ளிவாசலுக்கும் செல்வோம் என்றார். உடன் வந்த ஓவியர் அபனீந்திரநாத், கலகம் மூளுமோ என அஞ்சி மெல்ல நழுவி வீடு சேர்ந்தார்! பள்ளிவாசலில் நிகழ்ந்தது ஒன்றே: மௌல்விகள் சிறிது புன்னகைத்து, ராக்கியை ஏற்றுக்கொண்டனர். இதனைப் பின்னாளில் கூறியவரும் நழுவிச் சென்ற அபனீந்திரநாத்தே.

கயத்தாற்றுக்கும் கொல்கத்தாவுக்கும் நாள் ஒன்றாக அமைந்தது தற்செயல். கொல்கத்தாவில் எழுந்த சுதேசி அலை தூத்துக்குடியை எட்டியது அவ்வாறன்று. பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்த நாள் 1906 அக்டோபர் 16. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதற்குப் போட்டியாக நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனியோ, 1856இல் கொல்கத்தா–இரங்கூன் அஞ்சல் கப்பல்களோடு தொடங்கியதாகும்.

வங்கப் பிரிவினை நீக்கப்படுவதாக 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டது. அப்போது வ.உ.சி. சிறையில் இருந்தார். அவருடைய கம்பெனி நொடித்துப் போயிருந்தது.

சொற்பொருள்: கப்பம் – திறை, அண்மை – அருகு, நொடித்தல் – பொருளிழந்து நிலைகுலைதல்.

சிந்தித்து எழுதுக:
1. கயத்தாற்றில் கூட்டப்பட்டவர்களும் கொல்கத்தாவில் கூடியவர்களும் எவ்வகையில் வேறுபட்டனர்?
2. அபனீந்திரநாத்தின் அச்சம் நியாயமானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.