எதை வீட்டில் கழற்றலாம், எதைக் கடைக்குத் தள்ளிப் போகலாம்?

பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் என் மகளுக்குப் பள்ளியில் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே மட்கார்டு கடகடவென்று ஆட ஆரம்பித்தது. "கடைக்குக் கொண்டுபோகணுமாப்பா, நாமளே முடுக்கிடலாமா?" என்று கேட்டாள். புது சைக்கிளில் முதல் சில வாரங்களில் நட்டுகள் இளகுவது வழக்கம்தான். ஸ்பேனர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் அவள் கேட்ட கேள்வி சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்கும் பொருந்தும்.

எங்கள் தெருமுனையில் இருந்த வாடகை சைக்கிள் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. அடுத்த கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் பஞ்சரான வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைக்கு முதல் பீரியடு போய்விடும். அதனால் கொஞ்சம் வேலையாவது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் நாமே கழற்றிப் போடுவதும் தப்பு. என் கணக்கு எளிமையானது: வேலை கெட்டுப்போனால் பழையபடி வைக்க முடியுமா? முடியும் என்றால் வீட்டில் செய்யலாம். முடியாது என்றால் கடைதான்.

பஞ்சர் முதல் வகை. ஆனால் காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் அல்ல. பழைய மாதிரி மவுத், அதாவது காற்றடிக்கும் வால்வு, உள்ள சைக்கிளில், உள்ளே வால் டியூப் என்று மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். அது நைந்துபோனாலும் காற்று நிற்காது. மவுத்தின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால் டியூபை மாற்றினால் போதும், டயரைத் தொடவே வேண்டாம்.

குமிழி வரவில்லை என்றால் டயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி டியூபை எடுக்க வேண்டியதுதான். எடுக்கும்போது டியூபின் எந்தப் பக்கம் செயின் பக்கமாக இருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து, தண்ணீர் நிரம்பிய பேசினில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பாருங்கள். ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிப்புறம் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ ஆணியோ. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால், காற்று குறைவாக ஓட்டிக் கல்லில் ஏறியதில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. அதற்கு ஒட்டுவதை விட ரிம் டேப்பை மாற்றுவதுதான் வைத்தியம்.

ஒட்டிய பஞ்சர் மறுநாளே திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், முள் இன்னும் டயரிலேயே இருக்கிறது. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாளில் இரண்டு தடவை ஒட்டினோம். மூன்றாம் தடவை, மவுத்திலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று அளந்து, டயரில் அதே இடத்தைத் திருப்பிப் பார்த்தோம். சீமைக் கருவேல முள்ளின் நுனி, அரிசி முனையளவு, ரப்பருக்குள் ஒடிந்து நின்றிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. உள்பக்கம் துணியால் தடவியபோது நூல் மாட்டியது. துணியால்தான் தடவ வேண்டும், விரலால் தடவினால் குத்திவிடும்.

எதை வைத்து ஒட்டுவது என்பதில் மூன்று வழி. ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் பேட்ச் சட்டென்று முடியும், கையில் பசை படாது. ஆனால் நம் ஊர் வெயிலில் சூடேறிக் கிடக்கும் டயருக்குள் அது பல நாள் நிற்கும் என்று நான் நம்ப மாட்டேன். பள்ளிப் பையில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சொல்யூஷன் போட்டு ஒட்டும் பேட்ச் ஒழுங்காகச் செய்தால் டியூபின் ஆயுள் வரைக்கும் நிற்கும். ஒழுங்காக என்றால், ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பைப் போக்கி, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, பிறகு பேட்சை வைத்து அழுத்த வேண்டும். ஈரம் மினுமினுக்கும்போதே ஒட்டுவதுதான் வீட்டில் எல்லோரும் செய்யும் தப்பு. மூன்றாவது வழி புது டியூப். மவுத்தின் அடியில் கிழிந்தாலோ, நீளவாக்கில் கிழிந்தாலோ, அடுத்தடுத்து பேட்ச் விழுந்தாலோ ஒட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். வீட்டில் எப்போதும் ஒரு புது டியூப் இருக்கட்டும். காலையில் டியூபை மாற்றிப் பிள்ளையை அனுப்பிவிட்டு, பழையதைச் சாயங்காலம் நிதானமாக ஒட்டலாம். இதுதான் என் தீர்ப்பு.

காற்றடிக்க, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடிக்கும் உயரமான பம்புதான் வீட்டுக்குச் சரி. கைக்கு அடக்கமான சின்ன பம்பில் பத்து வயதுப் பிள்ளை டயரைக் கல்லாக்க முடியாது. மோட்டார் சைக்கிள் மாதிரி மவுத் உள்ள புது சைக்கிளுக்குப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். ஆனால் அந்த வேகத்துக்குச் சைக்கிள் டியூப் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்துவிடக்கூடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

அடுத்தது எண்ணெய். இதில்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். செயினின் மேல் அப்பிய கிரீஸ் இன்னும் மோசம். அதில் ஒட்டும் மணல் அரைக்கும் மாவு மாதிரி செயினையும் பல் சக்கரத்தையும் தேய்த்துவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது. துரு இளக்கும் ஸ்ப்ரே இறுகிய நட்டுக்கு நல்லது, செயினுக்கு அது எண்ணெய் ஆகாது. மிஞ்சுவது இரண்டு, தையல் மிஷின் எண்ணெயும் செயினுக்கென்றே விற்கும் எண்ணெயும். செயின் கவர் உள்ள சாதாரண சைக்கிளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தாராளமாகப் போதும். சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் பத்து நாளைக்கு ஒரு தடவை விட வேண்டும். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் செயின் எண்ணெயே வாங்குங்கள். எதை விட்டாலும் கண்ணிக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, மிச்சத்தைப் பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே தெரியும் எண்ணெயால் பயன் இல்லை. ரிம்மிலோ பிரேக் டிஸ்க்கிலோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பள்ளி ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையில் அரை அங்குலம். ஆக 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயின் முடிந்தது, பல் சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கியர் சைக்கிளில் அதில் பாதி நீண்டாலே மாற்றிவிடுவது நல்லது.

பிரேக் கட்டை மாற்றுவது வீட்டு வேலைதான். மாற்றிய பிறகு கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா, டயரை உரசுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வாசலிலேயே இரண்டு தடவை பிடித்துப் பார்க்காமல் ரோட்டுக்குப் போகக் கூடாது. ஆயிலில் இயங்கும் டிஸ்க் பிரேக்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கடைக்கே போக வேண்டியவை நான்கு. வீல் கோட்டம் எடுப்பது முதலாவது. பழைய மாதிரி சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. ஒன்றை முடுக்கினால் ரிம் அந்தக் கம்பியின் பக்கம் இழுபடும், தெரியாத கை பட்டால் லேசான கோட்டம் எட்டாகிவிடும். இரண்டாவது ஹப். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது பால்ஸ் இருக்கும், கோனை இறுக்கும் பதம் கைப்பழக்கத்தில் மட்டுமே வரும். மூன்றாவது பிரீவீல். நான்காவது, பெடலைத் தாங்கும் கிராங்க்கை அச்சில் பிடித்துவைக்கும் காட்டர் பின். சுத்தியலால் கோணலாக அடித்தால் பின் வளையும், பிறகு கிராங்க்கும் போய்விடும். பெடலை மட்டும் வீட்டில் மாற்றலாம். ஆனால் இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறந்தால் கிராங்க்கின் மரையே போய்விடும்.

ஸ்பேனர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பல கண் வைத்த டம்பெல் ஸ்பேனர் விலை மலிவு, ஆனால் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். உங்கள் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஒரு நல்ல ரிங் ஸ்பேனர், ஆலன் கீ ஒரு செட், டயர் கழற்ற இரண்டு லீவர், இவை போதும். ஸ்பூன் காம்பால் டயரைக் கழற்றினால் டியூபை நாமே கிழித்துவிடுவோம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலைகளைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனது. ஓட்டத் தெரிந்தவளுக்கு ஒட்டவும் தெரிந்திருந்தால், வழியில் நின்றுபோன வண்டிக்காக யார் வருவார்கள் என்று அவள் காத்திருக்க வேண்டியதில்லை. என் மகள் இப்போது பக்கத்து வீட்டுப் பையனின் பஞ்சரையும் அவளே ஒட்டுகிறாள்.

டயரோ டியூபோ வாங்கப் போகும்போது "இருபத்தாறு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய டயரில் உள்ள எண்களை முழுசாக எழுதிக்கொண்டு போங்கள். 26 அங்குலம் என்ற பெயரிலேயே 590 மில்லிமீட்டர் ரிம்மும் இருக்கிறது, 559 மில்லிமீட்டர் ரிம்மும் இருக்கிறது. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது.