சூரிய ஓட்டின் உஷ்ணத்தால் மிளகாய் உலர்த்துதல்

சிவகங்கை ஜில்லாவில் இளையான்குடி முதலிய பகுதிகளில் மிளகாய் பயிரிடும் குடியானவர்கள், பழத்தைக் களத்தில் பரப்பிப் பல நாள் உலர்த்துவது வழக்கம். இடையில் கோடை மழை பெய்துவிட்டால் வற்றல் நிறம் கெட்டுப் பூசணம் பற்றுகிறது. பூசணத்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அளவுக்கு மிஞ்சிய சரக்கை அயல்நாட்டார் ஏற்பதில்லை. பாடுபட்டு விளைத்தது கடைசி வாரத்தில் நஷ்டமாகின்றது.

அதே வெயிலில் செட்டிநாட்டு வீடுகளின் விசாலமான கூரைகளில் ஏராளமான உஷ்ணம் வீணாகின்றது. மின்சாரம் உண்டாக்கும் சூரிய ஓடுகள் இக்காலத்தில் கிடைக்கின்றன. அவற்றின்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகும். எஞ்சியதில் பெரும்பகுதி உஷ்ணமாகி ஓட்டையே சுடவைக்கும். 25 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் நூற்றுக்குச் சுமார் 0.4 பங்கு குறைகிறது. நடுப்பகலில் ஓடு 65 டிகிரி காய்ந்தால் குறைவு நூற்றுக்குச் சுமார் 16 பங்காகும். ஆகையால் அவ்வுஷ்ணத்தை அகற்றுவது மின்சாரத்திற்கும் நன்மை, உலர்த்துவதற்கும் நன்மை.

கனடா தேசத்தில் மாண்ட்ரியல் நகரத்துக் கன்கார்டியா சர்வகலாசாலையில் 2009-ல் திறக்கப்பட்ட கட்டடமொன்றின் சுவரில், சூரியப் பலகைகளின் பின்னே காற்றை ஓடவிட்டு, குளிர்காலத்தில் அறைகளுக்கு வெப்பமூட்டுகின்றனர். நம் நாட்டில் வீட்டைச் சூடாக்க வேண்டுவதில்லை. விளைபொருளை உலர்த்தவே உஷ்ணம் வேண்டும்.

அமைக்கும் விதம்: ஓட்டின் அடியில் மூன்று நான்கு அங்குலம் இடைவெளி விட்டு, அதன் கீழே பலகை அடைக்க வேண்டும். இறவாணத்தில் நுழையும் காற்று சூடேறி முகட்டுக்கு வரும். அங்கிருந்து மின்விசிறியால் இழுத்து, குழாய் வழியே கம்பிவலைத் தட்டுகள் அடுக்கிய அறைக்குள் செலுத்தி, மறுபுறம் வெளியேற்ற வேண்டும். 35 டிகிரியுள்ள காற்று 50 டிகிரிக்கு ஏறினால், அதன் ஒப்பு ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கும். ஈரத்தை விரைவாய் உறிஞ்சும்.

கவனிக்க வேண்டியவை:

1. விசிறியை மெதுவாக ஓட்டினால் காற்று அதிகம் சூடாகும். ஆனால் ஓடும் சூடேறி மின்சாரம் குறையும். அறையில் வெப்பமானி வைத்து, தேவைக்கு மேல் சூடாக்காதிருக்க வேண்டும்.

2. விதைநெல்லை 40 டிகிரிக்கு மேல் உலர்த்தலாகாது, முளைப்புத்திறன் கெடும்.

3. இரவில் காற்றுவழிகளை மூடாவிடில், உலர்ந்த சரக்கு மீண்டும் ஈரம் ஏற்கும்.

4. பழைய வீட்டின் மரச்சட்டங்கள் பாரம் தாங்குமா என்று பரிசோதித்த பின்னரே ஓடு மாற்ற வேண்டும். உபரி மின்சாரத்தை ஊர்க்கம்பியில் செலுத்த மின் பகிர்மானக் கழகத்தின் அனுமதி அவசியம்.

உலர்த்துதல் ஒன்றே நோக்கமாயின், கண்ணாடித்தாள் போர்த்திய சூரியக் கூடாரமே செலவு குறைந்தது. அதற்காகச் சூரிய ஓடு வாங்க வேண்டுவதில்லை. ஆனால் களஞ்சியத்திற்கோ கிடங்கிற்கோ புதிதாய்ச் சூரியக் கூரை வேயக் கருதுவோர், வேய்வதற்கு முன்பே காற்றுவழி அமைத்துக்கொள்ளல் வேண்டும். வேய்ந்தபின் பிரித்து அமைப்பது இரட்டைச் செலவாகும்.