கொடுப்புலியும் கோழிக்கூடும்

பொரளைச் சந்தியிலிருந்து கொட்டா வீதி வழியே இராஜகிரியவை நோக்கிச் செல்வோர், சிறிது தூரத்திலேயே கால்வாய்களையும் சதுப்பு நிலங்களையும் காண்பர். கொலன்னாவை, கோட்டே ஆகிய பகுதிகளில் எஞ்சியுள்ள இந்நிலங்கள் நகரத்தின் மழைநீரை ஏற்றுத் தாங்குவன. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை மக்கள் பட்ட துன்பத்தை நினைவிற் கொண்டோர்க்கு இவற்றின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இச்சதுப்பு நிலங்களிலே, தலைநகரின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு காட்டுப்பூனை வாழ்ந்து வருகின்றது. மீன்பிடிப்பூனை என்றும் கொடுப்புலி என்றும் இதனை அழைப்பர். சிங்களத்தில் இதன் பெயர் ஹந்துன் திவியா.

வீட்டுப் பூனையிலும் இது பெரும்பாலும் இருமடங்கு பெரியது. சாம்பல் நிறமான பழுப்பு உடலில் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும், வால் குட்டையானது. கால்விரல்களிடையே ஓரளவு சவ்வு உண்டு. பூனை நீருக்கு அஞ்சும் என்பது பொதுவழக்கு. இதுவோ நீரில் மூழ்கி மீன் பிடிக்கும். மீனன்றி நண்டு, தவளை, பறவை, எலி ஆகியவற்றையும் உண்ணும். வயலெலியாற் பயிரிழந்த கமக்காரருக்கு இவ்விறுதிச் சொல்லின் பொருள் நன்கு விளங்கும்.

புள்ளிகளைக் கண்டு சிறுத்தைக் குட்டியென மயங்குவோர் பலர். அச்சத்தினால் அடித்துக் கொல்லுதலும் நிகழ்கின்றது. உலகளவில் அழியக்கூடிய நிலையிலுள்ள இனமாகக் கணிக்கப்படும் இப்பிராணி, இலங்கையின் 2012ஆம் ஆண்டுச் செந்தரவுப் பட்டியலில் அருகிவரும் இனமாகக் குறிக்கப்பட்டது.

இனி, கோழி வளர்ப்போரின் முறைப்பாட்டுக்கு வருவோம். கொடுப்புலி கோழி பிடிப்பதுண்டு. அதனை மறைத்தலாற் பயனில்லை. ஆயினும் கோழி போன வீடுகளிற் கூட்டைப் பார்வையிட்டால், குறை பெரும்பாலும் கூட்டிலேயே இருக்கக் காணலாம். கோழிவலை எனக் கடைகளில் விற்கப்படும் மெல்லிய அறுகோணக் கம்பிவலை, கோழியை உள்ளே நிறுத்த உதவுமேயன்றி, வெளியிலிருந்து வரும் விலங்கைத் தடுக்காது. கம்பிகள் சந்திக்குமிடமெல்லாம் பற்றவைக்கப்பட்ட தடித்த வலையே ஏற்றது. அதன் கண் ஓர் அங்குலத்துக்கு மேற்படலாகாது. அரை அங்குலமாயின் மிக நன்று. ஏனெனில், பெரிய கண்ணினூடாகக் கையை விட்டு, ஓரத்தில் உறங்குங் கோழியை இழுக்கக்கூடும். இதே காரணத்தாற் கோழிகள் அடையும் கழியைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி அமைத்தல் வேண்டும். வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழத்துக்கு மண்ணிற் புதைத்து விடுக. கூரையையும் மூடுதல் அவசியம்; கொடுப்புலி மரமேறவும் வல்லது. கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாளே வேண்டும். சூரியன் மறையுமுன் கோழிகளை எண்ணி அடைத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. இப்பிராணி பெரும்பாலும் இரவிலேயே உலாவுகின்றது.

அழகுமீன் வளர்ப்போருக்கும் இதுவே நிலை. கொழும்பில் அலுவலகமொன்றின் குளத்தில் விலையுயர்ந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவர, திருடன் யாரென அறியக் கண்காணிப்புக் கமராவைப் பார்த்தபோது, கொடுப்புலியே தோன்றியது. குளத்தின் மீது இரவில் வலைச்சட்டம் இட்டு, அடியில் மீன் ஒளிந்துகொள்ள அகன்ற குழாய்த்துண்டுகளைப் போட்டுவைத்தல் தக்க பரிகாரமாகும்.

பொறிவைத்துப் பிடித்து வேறிடத்தில் விட்டுவிடலாமே எனச் சிலர் கேட்பர். அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு உணவும் மறைவுந் தேடி அலைந்து, வீதியைக் கடக்கையில் மடியலாம். வெற்றிடத்துக்கு இன்னொன்று வந்துசேரும். கூடு பழுதாகவே இருப்பின் கோழியும் மீண்டும் போகும். சுருக்குக் கண்ணி, நஞ்சு ஆகியவற்றை எக்காரணங்கொண்டும் வைத்தலாகாது. எலிக்கு வைத்த நஞ்சு எலியோடு நின்றுவிடுவதில்லை; நஞ்சுண்ட எலியைத் தின்னும் கொடுப்புலியையும் ஆந்தையையும் அது சேரும். இவ்விலங்கு 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் காவலுக்கு உட்பட்டதென்பதையும் அறிந்திருத்தல் நன்று.

சதுப்போரத்து வளவுகளைத் துப்புரவு செய்யும்போது பற்றையினுள் குட்டிகள் தென்படலாம். தாயற்றவை என எண்ணி அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் இரக்கத்தினாலேயே தீங்கிழைக்கின்றனர். தாய் இரைதேடச் சென்றிருக்கும். வேலையை நிறுத்தி, நாயைக் கட்டிவைத்து, அவ்விடத்தைவிட்டு அகன்றுவிடுக. தாய் வந்து குட்டிகளை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல இடமளித்தல் வேண்டும். மறுநாட் காலையும் அவை தனித்தே கிடந்தாலோ, காயமுற்ற விலங்கைக் கண்டாலோ, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம்.

2018ஆம் ஆண்டு ஒக்டோபரில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் ஏற்கப்பட்ட பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. இப்பெருமை பலகையில் எழுதப்பட்டிருக்க, கால்வாயோரத்திற் கட்டட இடிபாடும் குசினிக் கழிவும் கொட்டப்படுதலைக் காண்கின்றோம். கொடுப்புலி கால்வாய்க் கரையையே பாதையாகக் கொண்டு ஒரு சதுப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றது. உமது வளவு கால்வாயை அடுத்ததாயின், கரையோரத்தில் ஆறடி அகலத்துக்கேனும் கோரையையும் புல்லையும் வெட்டாது விடுக. எஞ்சிய நிலத்திற் கீரையும் மரவள்ளியும் தாராளமாக வளரும்.