கடுஞ்சொல்லும் தலைமையும்

ஆட்டத்திற் சிறந்தவன் கடுமையாளனாயின் குழுவிற்கு நல்ல தலைவனாவானா? மாணவர் எம்மிடம் வினாவும் இதற்கு, அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கேல் ஜோர்டனின் வரலாறு விடை பகரும்.

1984ஆம் ஆண்டிற் சிக்காகோ புல்ஸ் குழுவிற் சேர்ந்த அவர், தம்மை வருத்திப் பயின்றார். தோழரையும் கடிந்து வருத்தினார். அவர் புள்ளிகளைக் குவித்தும் குழுவிற்கு முதல் வாகை 1991இலேயே கிட்டியது. 1989இல் தலைமைப் பயிற்சியாளரான பில் ஜக்சன், பந்தை ஐவரும் பகிர்ந்தாடும் முறையை வலியுறுத்தியமை அதற்கொரு காரணமாகும்.

1995இற் பயிற்சியின்போது தம்மை எதிர்த்து நின்ற குழுத்தோழர் ஸ்டீவ் கெரை ஜோர்டன் அடித்தார். பின்னர் மன்னிப்பும் வேண்டினார். 1997இல் இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில் இருபக்கமும் 86 புள்ளிகள் பெற்றிருந்தன. எதிரணியினர் இருவர் மறிக்கவே, ஜோர்டன் பந்தைக் கெரிடமே வழங்கினார். கெர் எறிந்த பந்து வளையத்துட் புகுந்தது, வாகையும் சிக்காகோவினதாயிற்று.

கடுஞ்சொல் அரசனையே கெடுக்கும் என்பது வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்திற் கூறும் அறம். கடுமை தன்னிடத்தே தொடங்குதல் வேண்டும். தோழன்மீது கொள்ளும் நம்பிக்கையிலே முடிதல் வேண்டும். எம் கல்லூரிக் குழுக்களுக்குத் தலைவரைத் தெரிவு செய்வோர் இதனை உளங்கொள்வாராக.