பாவைக்குக் குரல் தந்தவர் யார்? – சிறுவர் கார்ட்டூன்களின் பின்னணிக் குரற்கலை: ஒரு நோக்கு

முன்னுரை

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயின்றார் நெஞ்சில் இரண்டு பெயர்கள் எழும். ஒன்று வல்வில் ஓரி, மற்றொன்று கொல்லிப்பாவை. தெய்வம் சமைத்த அப்பாவை, காற்றும் மழையும் தாக்கினும் வனப்புக் குன்றாதது எனச் சங்கப் புலவர் போற்றினர். அது அசையும், நகைக்கும் எனப் பிற்கால வழக்குகள் விரித்துரைத்தன. ஆயினும் அப்பாவை வாய் திறந்து பேசியதாக நாம் படித்ததில்லை. உருவும் அசைவும் நகையும் பெற்ற பாவைக்குக் குரல் மட்டும் வாய்க்கவில்லை.

அம்மலையின் நாடுகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. பல ஆண்டுகளுக்கு முன்னர், நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்பொருட்டு, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மாணவருடன் அங்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டில் தொலைக்காட்சியின் முன் நான்கைந்து சிறார் அமர்ந்திருந்தனர். திரையில் டோரா என்னும் சிறுமி வினாத் தொடுத்தாள். சிறார் ஒரே குரலில் விடை கூறினர். அவள் பாராட்டினாள், அவர்கள் மகிழ்ந்து கைதட்டினர். அருகிலிருந்த மூதாட்டி எம்மை நோக்கி, "ஏங்க சார், இம்புட்டு நல்லாப் பேசுதே, இது யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்றார். தமிழ் கற்பிக்கும் நமக்கு அன்று விடை கூறத் தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

வீடு தேடி வந்த குரல்

இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசை 1995ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சிறுவர்க்கெனத் தமிழிலேயே இயங்கும் சுட்டி டி.வி. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியிருந்தது. பெட்டியும் தமிழ்க் குரலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எளியோர் இல்லங்களை எட்டின. அமெரிக்கச் சிறுமி டோராவும், சீன முதியவரின் கடிந்துரைகள் நிறைந்த ஜாக்கிசான் தொடரும் தமிழ் பேசின. ஐதராபாத்தில் உருவாகி 2008இல் அறிமுகமான சோட்டா பீமும் தமிழில் ஒலித்தான். இவற்றைக் கண்டு வளர்ந்த தலைமுறை இன்று கல்லூரி வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது. அவர்தம் பேச்சில் அக்குரல்களின் சாயல் கலந்திருப்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

பின்னணிக் குரல் கொடுத்தல், மக்கள் வழக்கில் டப்பிங், எளிய தொழில் அன்று. காற்றோட்டம் குறைந்த கூடம், முன்னே ஒலிவாங்கி, காதில் மூலமொழி உரையாடல், கண்ணெதிரே ஓடும் படம், கையில் வசனத்தாள். பாத்திரத்தின் வாய் திறக்கும் கணத்தில் தொடங்கி மூடும் கணத்தில் முடித்தல் வேண்டும். முற்காலத்தில் கலைஞர் பலர் ஒருங்கே நின்று பேசினர். இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து தம் பகுதியைப் பேசிச் செல்லும் முறை பரவியுள்ளது. திரையில் இருவர் சண்டையிடுவர். கூடத்தில் ஒருவர் மட்டுமே வெற்று வெளியை நோக்கிச் சினந்துகொண்டிருப்பார்.

இங்கே தொல்காப்பியம் துணைக்கு வருகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகும் எனப் பிறப்பியல் விளக்கும். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பன என்பதும் அவ்வியலின் கருத்தே. திரையில் உருவத்தின் உதடுகள் ஒட்டும்போது தமிழிலும் உதடு ஒட்டும் எழுத்து விழுந்தால்தான் பேச்சு இயல்பாகத் தோன்றும். ஆங்கிலத்தில் வினை முன்னே வரும். தமிழில் இறுதியில் வரும். இவ்வேறுபாட்டையும் சமன்செய்து, கால அளவும் மீறாமல் சொற்களைத் தேர்ந்தெடுப்பவர் வசன எழுத்தாளர். அவற்றுக்கு உயிர் தருபவர் குரற்கலைஞர்.

மெய்ப்பாட்டியல் கூறும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் மெய்யின்கண் தோன்றிப் பிறர்க்குப் புலனாவன. குரற்கலைஞருக்கோ தம் மெய்யைக் காட்டும் வாய்ப்பில்லை. எட்டுச் சுவையும் மிடற்றின் வழியே வெளிப்படல் வேண்டும். அதிலும் டோரா போன்ற தொடரில் தனியொரு சிக்கல் உண்டு. வினாவை எழுப்பிவிட்டு, காணாத குழந்தையின் விடைக்காகச் சில நொடிகள் இடைவெளி விட்டு, கேளாத விடையைக் கேட்டதுபோல் மகிழ்தல் வேண்டும். ஆலத்தூர் நாட்டுச் சிறார் விடை கூறியது அந்த மௌனத்திற்குத்தான்.

கார்ட்டூன்களில் சிறுவர் பாத்திரங்களுக்கு மகளிர் குரல் கொடுத்தல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கு. சிறுவனைப் பேசவைத்தால் ஓரிரு ஆண்டுகளில் அவன் குரல் உடைந்துவிடும். பாத்திரமோ வயது ஏறாமல் தொடரும். ஆகவே நாம் சிறுவன் எனக் கருதிய குரல், குடும்பப் பொறுப்புகளுக்கிடையே கூடத்திற்கு வந்து செல்லும் ஒரு தாயின் குரலாகவும் இருத்தல் கூடும்.

இரு வாழ்வுகள்

இக்கலையில் வாழ்நாளைச் செலவிட்டோர் வரலாறு பிறநாடுகளில் பதிவாகியுள்ளது. ஜப்பானில் 1933இல் பிறந்த நொபுயோ ஒயாமா, கரகரத்த தம் குரலுக்காகப் பள்ளியில் எள்ளலுக்கு ஆளானார். நாணி வாய்மூடியிருந்த அவர், தாயின் அறிவுரையால் பள்ளி ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தார். அக்குரலே 1979 முதல் 2005 வரை டோரேமான் என்னும் இயந்திரப் பூனையின் குரலாயிற்று. 2024இல் அவர் மறைந்தபோது, அக்குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் வருந்தின.

அமெரிக்கரான மெல் பிளாங்க் (1908–1989) பக்ஸ் பன்னி என்னும் முயல் உள்ளிட்ட எண்ணற்ற பாத்திரங்களுக்குப் பேசியவர். 1961 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் நினைவிழந்து கிடந்தார். மருத்துவர் முயலின் பெயர் சொல்லி அழைக்க, முயலின் குரலில் அவர் விடையிறுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. உடல் முழுவதும் மாவுக்கட்டுடன் படுக்கையில் இருந்தவாறே பிளின்ட்ஸ்டோன்ஸ் தொலைக்காட்சித் தொடருக்குக் குரல் கொடுத்தார். அவர் வாழ்வில் நாம் உற்றுநோக்கத்தக்க செய்தி பிறிதொன்று. 1940களின் நடுவில் ஊதிய உயர்வு மறுக்கப்பட்டபோது, தம் பெயரேனும் திரையில் இடம்பெற வேண்டுமெனக் கேட்டுப் பெற்றார். உலகம் இன்று அவரை அறிவது அப்பெயரால் அன்றோ?

பெயர் என்னும் உரிமை

தமிழில் நிலை யாது? 2019இல் 'தி லயன் கிங்' திரைப்படம் தமிழில் வந்தபோது அரவிந்த்சாமி, சித்தார்த் முதலிய நடிகர்கள் குரல் கொடுத்தமை பெரிதும் விளம்பரம் செய்யப்பெற்றது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு படத்திற்குச் சில நாள் பேசியவரின் பெயர் ஊரறியும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குழந்தைகளோடு பேசியவரின் பெயரோ பெரும்பாலும் திரையில் தோன்றுவதில்லை. முகம் அறிந்தோர்க்கே பெயர் என்றால், முகம் காட்டாமையையே தொழிலாகக் கொண்டோர் யாது செய்வர்?

நம் முன்னோர் இதற்கு வழி காட்டியுள்ளனர். குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்துபோன புலவர் பலர் உளர். தொகுத்தோர் அவர்களைப் பெயரற்றோராக விட்டுவிடவில்லை. அவரவர் பாடலில் ஒளிர்ந்த தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். பெயர் தெரியாத நிலையிலும் பெயர் தர முனைந்த மரபு அது. பெயர் தெரிந்திருந்தும் எழுதாது விடுதல் அம்மரபுக்கு இழுக்கு.

இன்று இது புகழ் பற்றிய வினா மட்டும் அன்று, வாழ்வு பற்றியதுமாகும். ஒருவரின் குரலைக் கணினி கேட்டுப் பழகி அவ்வாறே பேசும் காலம் வந்துவிட்டது. இதற்குப் பாதுகாப்பு வேண்டி அமெரிக்காவில் காணொளி விளையாட்டுகளுக்குக் குரல் தருவோர் 2024 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தனர். தம் பெயரோடு பதிவான குரலுக்கே உரிமை கோருதல் எளிது. இன்னார் குரல் என்று எழுதப்படாத குரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம். தடுப்பதற்குச் சான்று இராது.

முடிவுரை

நாம் வேண்டுவன இரண்டு. தமிழில் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு சிறுவர் தொடரின் முடிவிலும் குரல் தந்தோர், வசனம் எழுதியோர் பெயர்கள் படிக்கத்தக்க அளவு நேரம் இடம்பெறுதல் வேண்டும். முதுகலை மாணவர் சிலரேனும் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்று, இக்கலைஞரைக் கண்டு, அவர்தம் பணி வரலாற்றை அவர் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி மலையேறிய தமிழாய்வு, மலைவீட்டுப் பெட்டியில் ஒலிக்கும் குரலையும் தேடிச் செல்லலாம்.

கொல்லிப்பாவையைச் செய்தது தெய்வம் எனச் சொல்லி நம் முன்னோர் அமைந்தனர். டோராவைப் பேசவைத்தவர் தெய்வம் அல்லர். வாடகை வீட்டிலிருந்து பேருந்தேறிக் கூடத்திற்கு வந்து செல்லும் ஒரு மனிதர். "யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்ற ஆலத்தூர் நாட்டு மூதாட்டிக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். அவ்வினாவுக்கு ஒரு பெயரைச் சொல்ல இயலும் நாளில் அக்கடன் தீரும்.