அளக்கப் போகிற பிள்ளைக்கு

மக்களே, சர்வதேச வளர்ச்சியும் நிலைத்த வளர்ச்சிக் கொள்கையும் ஆராய ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாய். பான், சசெக்ஸ், தி ஹேக் ஆகிய இடங்களில் இதற்கென்றே ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. நுட்பங்களை உன் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்து ஆரியங்கோட்டில் இருந்துகொண்டே இந்தத் துறையின் நன்மை தீமை இரண்டையும் வெகுகாலம் பார்த்தவன் நான். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அளப்பவர், அளக்கப்படுபவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

1. உன் எழுத்து யார் முற்றத்தில் போய் விழும் என்று முதலில் கேள். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், காப்பி, கோகோ, சோயா போன்றவற்றையும், அவற்றால் செய்த பொருள்களையும் அங்கே விற்கக் கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் காட்டவும் வேண்டும். காட்டைக் காக்கும் அந்த நோக்கத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் நம் ஊரில் அரை ஏக்கர் ரப்பர் விளை வைத்திருப்பவர், ஷீட்டை முக்கிலுள்ள கடையில் போடுகிறார். பத்து வீட்டு ஷீட் அங்கே ஒரே கட்டாகிறது. அது டயராகிக் கப்பல் ஏறும்போது, எந்த விளையின் பால் என்று யார் காட்டுவது? காட்ட முடியாதவருக்கு விலை குறைந்தால், ஒரு மரத்தையும் வெட்டாதவர் அல்லவா தண்டனை அனுபவிப்பார்? 2024 முடிவில் நடைமுறைக்கு வரவேண்டிய அந்தச் சட்டம் தள்ளிவைக்கப்பட்டது. சட்டத்தின் முதல் வரியை எழுதும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்கும் ஆளாக நீ இரு.

2. விடியுமுன் எழுந்து போ. ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல், மழையில்லாத மாதத்தில், தார் ரோடு போகிற இடம்வரை வருகிறார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1970-களில் நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வேலை செய்தவர். ரோட்டோரத்தையும் வறண்ட மாதத்தையும் மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கத்தை 1983-இல் வந்த தம் நூலில் அவர் கடுமையாகச் சாடினார். ரப்பர் வெட்டுகாரரை நீ அறிய வேண்டுமானால், நெற்றியில் விளக்குக் கட்டி அவர் விளைக்குள் நுழையும் நேரத்தில் போ. முந்தைய வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார். பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவுவார். சிரட்டையை நேராக்கி வைப்பார். அடுத்த மரத்துக்குப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இதைப் பத்து மணிக்கு வருகிறவர் எப்படி அறிவார்?

3. நல்ல மனதை நல்ல பலன் என்று நம்பிவிடாதே. 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரையில் ஒரு மீன்பிடித் திட்டம் தொடங்கியது. நார்வே எடுத்த முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அது. இயந்திரப் படகும் ஐஸ் ஆலையும் சுகாதார நிலையமும் குடிநீரும் வந்தன. மருத்துவமும் குடிநீரும் வீடுகளுக்கு நன்மை செய்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் படகுகள் நம் அடுப்பில் வேகும் சாளையையும் அயிலையையும் விட்டு, அயல்நாட்டுச் சந்தை கேட்ட இறாலின் பின்னால் போயின. இழுவைமடிப் படகுகள் பெருகின. பணம் போட முடிந்தவர் வளர்ந்தார். கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்தவர் சொந்தக் கடலிலேயே ஒதுங்க நேர்ந்தது. 1970-களிலும் 80-களிலும் கடற்கரை கொந்தளித்தது. 1988-இல் கேரளம் மழைக்கால இழுவைமடித் தடை கொண்டுவந்தது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருந்த ஜான் குரியன், நீண்டகரைத் திட்டத்தின் அனுபவத்தை 1985-இல் ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பா போய்ச் சேர்ந்ததும் நீ தேடிப் படிக்க வேண்டிய முதல் எழுத்து அது.

4. ஊரை ஒரே ஆளாக நினைக்காதே. அதே நீண்டகரைத் திட்டத்தை ஆர்னே மார்ட்டின் கிளாவ்சன் என்ற நார்வே மானிடவியலாளர் நேரில் ஆராய்ந்து 1968-இல் நூலாக்கினார். தன் நாடு கொடுத்த உதவியைத் தானே கேள்வி கேட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். சக்திகுளங்கரைக் கத்தோலிக்க மீனவர்கள் புதிய படகைப் பற்றிக்கொண்ட அளவுக்கு, பக்கத்திலேயே உள்ள புத்தன்துறை இந்து மீனவர்களான அரயர்கள் பற்றிக்கொள்ளவில்லை என்பதை அவர் கவனித்தார். ஒரே கடல், ஒரே திட்டம், இரண்டு கதை. சாதி, சமயம், கடன் கொடுப்பவர், மீன் விற்கப் போகும் பெண் எல்லாரும் சேர்ந்ததுதான் ஊர். யார் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிறாரோ, அவர் பேச்சை ஊரின் பேச்சாக எழுதிவிடாதே.

5. பானைக்குள் இருப்பதை எண்ணிப் பார். 1971-இல் பொருளியலாளர்கள் தண்டேகரும் ரத்தும் செய்த வறுமைக் கணக்கு, உணவின் கலோரியை வைத்துக் கேரளத்தை மிக மோசமான நிலையில் காட்டியது. பொருளியலாளர் பி.ஜி.கே. பணிக்கர் அதைத் திரும்பப் பார்த்தார். நம் ஏழைகள் பசியாறும் மரச்சீனிக்கும் தேங்காய்க்கும் கணக்கில் உரிய இடம் கிடைக்கவில்லை என்று காட்டினார். ஐ.நா.வுக்காக வளர்ச்சி ஆய்வு மையம் தயாரித்து 1975-இல் வெளிவந்த கேரள ஆய்வு, வருமானம் குறைந்த இடத்திலும் கல்வியும் ஆயுளும் உயர முடியும் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். விளையில் பிடுங்கிய மரச்சீனி ஏட்டில் ஏறாவிட்டாலும் அதே கேடுதான். ஆகவே கேள்விப் பட்டியலை அச்சடிப்பதற்கு முன் ஒரு வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பேசு.

6. கையால் செய்கிறவரைக் குருவாகக் கொள். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி விலை ஏறிய காலத்தில், குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜிலே என்ற பெல்ஜியப் பொறியாளர் பிளைவுட் வள்ளம் உருவாக்கும் வேலையில் ஈடுபட்டார். நம் கரையில் துறைமுகம் இல்லாத இடங்களில், மோதுகிற அலையைக் கடந்தே வள்ளம் இறங்க வேண்டும், ஏற வேண்டும். மீனவர் ஓட்டிப் பார்த்துக் குறை சொன்னார்கள், வடிவம் மாறியது, மறுபடி ஓட்டினார்கள். அந்த வள்ளங்கள் கரையெங்கும் பரவியதற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம். வெளிநாட்டு அறிவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த அறிவு உட்கார்ந்து கேட்டதா என்று மட்டும் பார்.

7. போன ஊருக்குத் திரும்பிப் போ. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயத் தொடங்கினார். அவற்றில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, கூலியாள் எப்போது தலை நிமிர்ந்தார் என்பதெல்லாம் அப்படித் திரும்பிப் போனதால் தெரியவந்தது. நிதி மூன்று ஆண்டுக்குத்தான் வரும். உன் அக்கறை அதோடு தீர்ந்துபோகக் கூடாது.

8. சொந்த ஊர் என்று சலுகை காட்டாதே. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்குப் போயிற்று. நம் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரண்டு பக்கமும் நமக்குச் சொந்தக்காரர்கள். நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் நீர் நின்றுபோனதால் விளவங்கோட்டு வயல்காரர் படும் துயரத்தை இங்கே சொன்னால் முகம் சுளிப்பார்கள். இங்குள்ள தண்ணீர்த் தேவையை அங்கே சொன்னால் அவர்கள் சுளிப்பார்கள். ஐரோப்பியரின் குறையைச் சுட்டிக் காட்டப்போகும் நீ, முதலில் நம் குறையைச் சொல்லப் பழகு. அப்போதுதான் உன் சொல்லுக்கு எடை வரும்.

9. கண்டதை, காட்டியவருக்கே முதலில் சொல். ஊரார் நேரம் தந்தார்கள், சாயா தந்தார்கள், குடும்பக் கடனைக்கூட ஒளிக்காமல் சொன்னார்கள். பிறகு அந்த ஆய்வு என்னவாயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்தப் பக்கம் வந்து போன பல ஆய்வுகளின் கதை இதுதான். 1996-இல் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியதிலிருந்து, கிராமசபையில் திட்டத்தைக் கூறுபோட்டுப் பேசுவது நம் மக்களுக்குப் பழகிய காரியம். உன் முடிவுகளை எளிய மொழியில் எழுதி அந்தச் சபைக்குக் கொண்டு வா. வெட்டுகாரரும் தொழிலுறுதித் திட்ட வேலைக்குப் போகும் பெண்களும் எழுந்து கேட்கட்டும். "இது தப்பு" என்று ஒருவர் சொன்னால் அதை எழுதிக்கொள், சரிபார், தேவையானால் திருத்து. அதற்குப் பிறகு பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பு. அந்தச் சபையில் நின்று பதில் சொல்ல முடிந்த ஆய்வை, உலகின் எந்த மண்டபத்திலும் நீ தலை நிமிர்ந்து வாசிக்கலாம்.